பெனியனைக் கழட்டுங்க, சேர்



டிசம்பர் விடுமுறை வந்தால் என் இன்பொக்ஸில் ஒரே கேள்விதான். "சேர், நுவரெலியா போறம், புள்ளைகளுக்கு என்ன ஸ்வெட்டர் எடுக்கிற?" "சேர், பாவாத மலை ஏறப்போறம், ஜக்கெட் எங்க மலிவு?" ஸ்வெட்டரையும் ஜக்கெட்டையும் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு உள்ளே, தோலோடு ஒட்டி என்ன போடுவது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஒரு காலத்தில் நானும் அதை யோசிக்கவில்லை. அதனால் என்ன நடந்தது என்பதைத்தான் எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பிள்ளைகளை மலைநாட்டுக்கு அனுப்ப இருக்கிற பெற்றோரும், கூட்டிக்கொண்டு போகிற ஆசிரியர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி மாதம். உயர்தர மாணவர்களை ஹோர்ட்டன் சமவெளிக்கு அழைத்துப் போனோம். நான் புவியியல் படிப்பிக்கிறவன். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் வெப்பம் குறையும் என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதுகிறவன். ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கு மேலே. நமது கரையோரத்தில் சுபஹ் நேரம் 23, 24 பாகை இருந்தால் அங்கே 10 பாகைதான். வானம் தெளிந்த இரவென்றால் அதையும் விடக் குறையும். ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி படிகிற நாட்களும் உண்டு. இதையெல்லாம் பெற்றோர் கூட்டத்தில் பெருமையாகச் சொல்லிவிட்டு, முடிவாக ஒரு அறிவுரையும் கொடுத்தேன்: "தடிப்பான ஸ்வெட்டர் ஒன்று கட்டாயம் வாங்கிக் கொடுங்கள்." அவ்வளவுதான். என் பாடம் ஸ்வெட்டரோடு முடிந்துவிட்டது.

பின்னேரம் பஸ் வெளிக்கிட்டது. மொனராகலை, பண்டாரவளை வழியாக இரவெல்லாம் ஏறி, விடியற்காலையில் பட்டிப்பொல பக்கம் போய்ச் சேர்ந்தோம். இறங்கும்போதே பிள்ளைகளின் வாயிலிருந்து புகை வந்தது. அதைப் பார்த்து அவர்களுக்கு ஒரே சிரிப்பு. பஸ் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பார்த்து அனுப்பினேன். ஒரு பொடியன் தன் விளையாட்டுக் கழகத்தின் ஜேர்சியை உள்ளே போட்டு, மேலே ஒரு மெல்லிய ஜக்கெட்டோடு நின்றான். "என்ன, மெட்ச் விளையாடவா வந்த? ஸ்வெட்டர் எங்க?" என்று எல்லோருக்கும் முன்னால் ஏசினேன். அவனுக்குப் பின்னால் நின்ற தம்பி, புது ஸ்வெட்டர், அதற்குள் பள்ளிக்கூட வெள்ளைச் சேர்ட், அதற்குள் கைவைத்த பெனியன், கீழே டெனிம் என்று வந்திருந்தான். அவனைக் காட்டி, "இப்பிடி வரணும்" என்றேன்.

இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போய்வந்தவர்களுக்குத் தெரியும், ஃபார் இன்னிலிருந்து தொடங்கி, சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி என்று சுற்றிவர ஏறத்தாழ 9 கிலோமீற்றர். பெரிய ஏற்றம் இல்லை. ஆனால் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும் பாதை. கல்லும் சேறும். பொடியன்மார் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். அரை மணித்தியாலத்தில் எல்லோருக்கும் வியர்த்துவிட்டது. பலர் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். அந்தத் தம்பி மட்டும் கழற்றவில்லை. உம்மா சீட்டுக்காசில் எடுத்துக் கொடுத்த ஸ்வெட்டர். கழற்றக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். கழற்றினால் சேற்றில் விழுந்து ஊத்தையாகிவிடும் என்ற பயம் வேறு.

உலக முடிவுக்குப் போய்ச் சேரும்போது மூடுபனி வந்துவிட்டது. கீழே ஒன்றும் தெரியவில்லை. "கொஞ்சம் இருப்பம், வெளிக்கும்" என்று நான்தான் எல்லோரையும் உட்காரவைத்தேன். முக்கால் மணித்தியாலம் இருந்திருப்போம். காற்று வேறு. பிறகு மெல்லிய தூறல்.

எழும்பி நடக்கத் தொடங்கியபோது அந்தத் தம்பி பின்தங்கினான். முதலில் பகிடி என்றுதான் நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் பல் அடித்துக்கொண்டிருந்தது. கை நடுக்கத்தில் போத்தல் மூடியைத் திறக்க முடியவில்லை. "என்ன மகன்?" என்று கேட்டால் நாக்கு குழறுகிறது. சமதரையில் கால் இடறுகிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? என் ஜக்கெட்டைக் கழற்றி, அவனுடைய ஸ்வெட்டருக்கு மேலே போட்டேன். இன்னொரு ஆசிரியர் தன் துவாயை எடுத்துக் கழுத்தில் சுற்றினார். மேலே மேலே போட்டோம். நடுக்கம் நிற்கவில்லை.

எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்தது. பஸ்ஸுக்கு இன்னும் எத்தனை கிலோமீற்றர், இவனைத் தூக்கிக்கொண்டு போக எத்தனை பேர் வேண்டும், அந்த உம்மாவுக்கு என்ன சொல்வது. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடியது.

அப்போதுதான் வெளிநாட்டுக்காரர் இருவரை அழைத்து வந்த ஒரு தோட்டத்துத் தம்பி, வழிகாட்டி வேலை செய்கிறவர், நின்று பார்த்தார். பொடியனின் ஸ்வெட்டருக்குள் கையைவிட்டுத் தொட்டுப் பார்த்தார். "சேர், மொதல்ல அந்தப் பெனியனைக் கழட்டுங்க" என்றார்.

"இந்தக் குளிரிலா?"

"அதுதான் சேர் குளிரே."

தூறல் படாத மரக்கூட்டத்துக்குள் கொண்டுபோய்க் கழற்றினோம். பெனியனைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. வெள்ளைச் சேர்ட்டும் அப்படித்தான். ஸ்வெட்டரின் வெளிப்பக்கத்தில் மட்டும் லேசான ஈரம். அவர் தன் பையிலிருந்து காய்ந்த டீசேர்ட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். உடம்பைத் துடைத்து அதைப் போட்டு, அதற்கு மேல் என் ஜக்கெட், காற்றுப் படாமல் ஒரு றெயின்கோட். டெனிமையும் கழற்றிவிட்டு, தொழுகைக்கென்று நான் பையில் வைத்திருந்த சாரத்தை இரண்டாக மடித்துக் கட்டிவிட்டோம். ஃபிளாஸ்க்கில் இருந்த சீனி கூடிய பிளேன்டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தார். கைகாலை உரஞ்சித் தேய்க்கப் போன என்னை, "தேய்க்காதீங்க சேர், சும்மா அணைச்சுப் பிடிங்க" என்று தடுத்தார். கால் மணித்தியாலத்தில் நடுக்கம் குறைந்தது. பிறகு, "சேர், பசிக்கிது" என்றான். அல்ஹம்துலில்லாஹ். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பி நடக்கும்போது ஜேர்சி போட்ட பொடியனைப் பார்த்தேன். ஜக்கெட்டின் சிப்பைப் பாதி திறந்துவிட்டு, கையை வீசிக்கொண்டு போகிறான். "கூதல் இல்லையா?" என்றேன். "இல்ல சேர், ஜேர்சி அப்பவே காஞ்சிட்டு" என்றான்.

ஊருக்கு வந்த பிறகு பலதையும் வாசித்தேன். விஷயம் சின்னதுதான்.

நம் உடம்பில் சூடு எப்போதும் இருக்கிறது. உடுப்பு சூடு தருவதில்லை. உள்ள சூட்டைப் போகவிடாமல் காப்பதுதான் அதன் வேலை. நூலுக்கு இடையில் சிறைப்பட்டு நிற்கும் காற்றுத்தான் அந்தக் காவல். அந்தக் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்துவிட்டால் காவல் போய்விடும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதற்கு மேல், ஈரம் காய்வதற்கும் வெப்பம் வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பம் தேவை. தோலோடு ஒட்டிய ஈரம் அதில் பெரும்பகுதியை நம் உடம்பிலிருந்துதான் எடுக்கும். நடக்கும்போது உடம்பு சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருப்பதால் தெரியாது. உட்கார்ந்தால் தெரியும். நான் பிள்ளைகளை முக்கால் மணித்தியாலம் உட்காரவைத்தேன்.

பருத்தி தண்ணீரை விரும்பும் நூல். சாதாரணமாகவே தன் நிறையில் 8 சதவீதமளவு ஈரத்தைக் காற்றிலிருந்து பிடித்து வைத்திருக்கும். நனைந்தால் நிறையக் குடிக்கும், விடாது. நம் ஊர் வெயிலில் அதுதான் நல்லது. வியர்வையை வைத்துக்கொண்டு உடம்பைக் குளிர்விக்கிறது. அதே குணம் மலையில் எதிரியாகிவிடுகிறது. பொலியெஸ்டர் நூலுக்குள் ஈரம் போகவே போகாது, அரைச் சதவீதமும் இல்லை. வியர்வை நூலின் மேலால் பரவி வெளியே போய்க் காய்ந்துவிடும். அந்தப் பொடியனுக்கு ஜேர்சி செய்த உபகாரம் அதுதான்.

அந்தத் தம்பிக்கு வந்தது உடல் வெப்பக்குறைவின் தொடக்கம். உடம்பின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே போவதற்குப் பெயர் அது. நடுக்கம், விரல் சொல்கேளாமை, நாக்குக் குழறல், கால் இடறல். பனிக்கட்டி நாட்டில் மட்டும்தான் வரும் என்று நான் நினைத்திருந்தேன். 10 பாகையும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் போதும்.

இப்போது எனக்கு வெட்கமான பகுதி. திரும்பி வரும்போது பஸ்ஸில், "வீட்ட போய் ஒன்டும் செல்லாதீங்க" என்று பிள்ளைகளிடம் சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. ஆனால் யாரும் சொல்லாமல் இருந்தால் நல்லது என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டேன். இரண்டு நாள் அப்படியே இருந்தேன். மூன்றாம் நாள் மஃரிபுக்குப் பிறகு அவனுடைய வீட்டுக்குப் போனேன். உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நடந்ததை முழுவதும் சொன்னேன். முக்கால் மணித்தியாலம் உட்காரவைத்ததையும் சொன்னேன்.

வாப்பா கடல்தொழில் செய்கிறவர். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "சேர், நாங்க ராவைக்குத் தோணியில போனா பெனியன் போடமாட்டம். நனைஞ்ச பெனியனோட இருந்தா கூதல் எலும்புக்குள்ள போகும். கழட்டிப் போட்டு மேலத் துடைச்சிட்டு, காத்துக்கு றெயின்கோட்ட மட்டும் போட்டுக்குவம்."

பிறகு கொஞ்சம் பொறுத்து, "புள்ள போகக்குள்ள செல்லத்தான் நினைச்சன். சேர்மாருக்குத் தெரியும்தானே என்டு விட்டுட்டன்" என்றார்.

அவர் என்னை ஏசியிருந்தால் பரவாயில்லை. அந்தச் சொல் இன்னும் என்னிடம் இருக்கிறது. எனக்குத் தெரிய வேண்டிய விஷயம் நம் ஊர்க் கடற்கரையிலேயே இருந்தது. பெற்றோர் கூட்டத்தில் நான் பேசினேனே தவிர, யாரிடமும் கேட்கவில்லை.

பின்னர் வாசித்த ஒரு விஷயம் அவருக்கு மிகவும் பிடித்தது. 1930களில் நோர்வே இராணுவத்தைச் சேர்ந்த ஹென்ரிக் புரூன் என்பவர் பழைய மீன்பிடி வலையை வெட்டி உள்பெனியன் செய்தார். வலைக்கண்களில் காற்று நிற்கும், துணி தோலில் அப்பாது, ஈரம் தங்காது. அந்த வகை வலைப் பெனியன் 1953இல் எவரெஸ்ட் ஏறிய குழுவோடும் போனது. "அப்ப மலைக்குப் போனதும் நம்மட வலைதான்" என்று சிரித்தார்.

சரி, இனி கேள்விக்கு வருகிறேன். உள்ளே என்ன போடுவது?

முதலாவது, கடைக்கு ஓட வேண்டாம். வீட்டு அலுமாரியைத் திறவுங்கள். நம் ஊரில் ஒவ்வொரு சுற்றுப்போட்டிக்கும் கழகங்கள் ஜேர்சி அடிக்கின்றன. பெரும்பாலும் எல்லாம் பொலியெஸ்டர். கழுத்துப் பட்டியிலோ பக்கத் தையலிலோ உள்ள லேபலை வாசியுங்கள். பொலியெஸ்டர் 100 அல்லது பொலியெஸ்டர் 92, எலஸ்டேன் 8 என்று இருந்தால் நல்லது. பருத்தி பாதிக்குப் பாதி கலந்திருந்தால் வேண்டாம். விஸ்கோஸ், ரேயோன், மோடல், மூங்கில் என்று எழுதியவையும் ஈரத்தைக் குடிப்பவைதான். தொட்டால் பட்டுப்போல் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, அளவு. உள்ளுடுப்பு உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் வியர்வையை எடுக்காது, காற்றும் உள்ளே போய்வரும். இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. நீளக் கை நல்லது. குனிந்தால் முதுகு தெரியாத நீளம் வேண்டும். பையின் பட்டி உராயும் தோளில் தடித்த தையல் இல்லாமல் பாருங்கள்.

மூன்றாவது, வாங்கத்தான் வேண்டுமென்றால். வெளிநாட்டு விளையாட்டு வீரர்கள் போடுகிற இந்த உடுப்புகளில் எத்தனையோ நம் நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில், நம் பெண்பிள்ளைகளின் கையால் தைக்கப்பட்டுப் போகின்றன. ஏற்றுமதியில் மிஞ்சியவை நுவரெலியா பேல் பஸாரிலும் கொழும்பு புறக்கோட்டையிலும் கிடைக்கும். அங்கே எல்லோரும் ஜக்கெட் குவியலைக் கிளறுவார்கள். நீங்கள் மெல்லிய நீளக்கை உடுப்புக் குவியலைக் கிளறுங்கள்.

நான்காவது, மெரினோ. மெல்லிய இழை செம்மறிக் கம்பளி. சாதாரணக் கம்பளிபோல் அரிக்காது. தன் நிறையில் மூன்றில் ஒரு பங்களவு ஈரத்தை வாங்கியும் தோலுக்கு ஈரம் தெரியாது. நாள்கணக்கில் போட்டாலும் மணக்காது. பொலியெஸ்டரின் பெரிய குறை மணம்தான், ஒரே நாளில் பக்கத்தில் நிற்க முடியாது. மெரினோவில் 150, 200, 250 என்று எண் இருக்கும். ஒரு சதுர மீற்றர் துணியின் நிறை, கிராமில். கூடக்கூடச் சூடு. ஆனால் விலை அதிகம், காயவும் பொலியெஸ்டரைவிட நேரமெடுக்கும், கவனமில்லாவிட்டால் ஓட்டை விழும். நம் நாட்டில் ஒரு நாள் நடைக்குத் தேவையில்லை. பிள்ளை ஜப்பானுக்கோ இங்கிலாந்துக்கோ படிக்கப் போகிறதென்றால் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

பட்டிலும் குளிருக்கான உள்ளுடுப்பு விற்கிறார்கள். ஆண்கள் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை, காரணம் உங்களுக்குத் தெரியும்.

ஐந்தாவது, பெண்பிள்ளைகள். இதை என் மனைவியிடமும் டீச்சர்மாரிடமும் கேட்டு எழுதுகிறேன். உடம்பு முழுவதும் மூடுகிற நமது உடை இந்த விஷயத்தில் வசதிதான். பொலியெஸ்டர் நீளக்கையும், அதே துணியில் ஒட்டிய காற்சட்டையும் உள்ளே போட்டால் வெளியே ஒன்றும் மாறாது. கால்வரை தொங்கும் அபாயாவின் விளிம்பு சேற்றையும் பனியையும் உறிஞ்சிக்கொண்டு காலில் அடிக்கும். முழங்காலுக்குக் கீழே நிற்கிற தொளதொளத்த மேற்சட்டையும் அகலமான காற்சட்டையும் நடைக்குச் சுகம். பருத்தி ஸ்காஃப் நனைந்தால் கழுத்தையும் காதையும் குளிர் பிடிக்கும். இன்னொன்று பையில் இருக்கட்டும்.

ஆறாவது, இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நடக்கத் தொடங்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும். ஸ்வெட்டர் பையில் இருக்கட்டும். நடக்கும்போது கழற்றுங்கள், நின்றால் போடுங்கள். நல்ல உள்ளுடுப்பும் மேலே ஸ்வெட்டரைப் போட்டுப் புழுங்கினால் நனையத்தான் செய்யும். காய்ந்த உள்ளுடுப்பு ஒன்றும் காலுறை ஒரு சோடியும் மேலதிகமாக இருக்கட்டும். ஹோர்ட்டன் சமவெளி வாசலில் பொலித்தீனை வாங்கிவிடுவார்கள், அதனால் மூடி இறுகிய சாப்பாட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். டெனிம் வேண்டவே வேண்டாம். அது பெனியனுக்கு அண்ணன்.

பாவாத மலை ஏறுகிறவர்களுக்கு ஒரு சொல். 2,243 மீற்றர். இரவில் ஆயிரக்கணக்கான படி ஏறி உடம்பெல்லாம் வியர்த்து, உச்சியில் காற்றில் சூரியன் வரும்வரை உட்காருகிறோம். நான் மேலே எழுதிய அதே பொறி அங்கேயும் இருக்கிறது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே உள்ள தேத்தண்ணிக் கடையில் ஒதுங்கி, உள்ளே போட்டதை மாற்றிவிட்டு மேலே போங்கள்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். பெற்றோர் கூட்டத்தில் நான் பாதி பேசினேன், மீதியை அந்த வாப்பா பேசினார். போன தடவை அந்தத் தம்பியும் உதவிக்கு வந்தான். இப்போது வேலை செய்கிறான். பஸ் வாசலில் எனக்குப் பதிலாக அவன் நின்று, ஒவ்வொரு பொடியனின் கழுத்துப் பட்டியையும் திருப்பி லேபல் வாசித்துத்தான் ஏற்றினான். மூன்று பேரைப் பெனியன் மாற்ற வீட்டுக்குத் திருப்பி அனுப்பினான். பஸ் அரை மணித்தியாலம் பிந்தியது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று டீசேர்ட் தந்த தோட்டத்துத் தம்பியின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. டீசேர்ட்டைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. துவைத்து அலுமாரியில் வைத்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் பையில் போட்டுக்கொண்டு போகிறேன். இன்னும் காணக் கிடைக்கவில்லை. அவருக்காக துஆச் செய்யுங்கள்.

லேபலில் சந்தேகம் இருந்தால் படம் எடுத்துக் கொமெண்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். கடலுக்குப் போகிற வாப்பாமாரும் காக்காமாரும் இதை வாசித்தால், நான் விட்டதைச் சொல்லித் தாருங்கள். இந்த முறை கேட்டுக்கொள்கிறேன்.